ஆன்ஃபீல்ட் அரங்க விரிவாக்கம்: இரண்டு மாடங்களும் இரண்டு திவால்களும்

இங்கிலாந்தின் லிவர்பூல் கால்பந்துக் கழகம் தன் ஆன்ஃபீல்ட் அரங்கைப் பத்தாண்டுக்குள் இரண்டு முறை பெரிதாக்கியது. முதல் முறை மெயின் ஸ்டாண்ட் எனப்படும் மேற்குப் பக்க மாடம். 2014 இறுதியில் பணி தொடங்கி 2016 செப்டம்பரில் திறக்கப்பட்டது. அடுத்தது ஆன்ஃபீல்ட் ரோடு ஸ்டாண்ட்; 2021 செப்டம்பரில் தொடங்கி 2024-இல்தான் முழுமையாகப் பயன்பாட்டுக்கு வந்தது. இரண்டு பணிகளையும் எடுத்த முதன்மை ஒப்பந்த நிறுவனங்கள் இரண்டுமே பின்னர் திவாலாயின. மெயின் ஸ்டாண்டைக் கட்டிய கரில்லியன் நிறுவனம், மாடம் திறந்து 16 மாதங்கள் கழித்து, 2018 ஜனவரி 15 அன்று கலைப்புக்கு உள்ளானது. ஆன்ஃபீல்ட் ரோடு பணியை எடுத்திருந்த பக்கிங்ஹாம் குழுமமோ, மேலடுக்கு முடியாமல் கிரேன்களும் சாரங்களும் நின்றுகொண்டிருந்த 2023 ஆகஸ்ட் மாதத்திலேயே வீழ்ந்தது.

முதல் பணி வெற்றிக்கு எடுத்துக்காட்டாகவும் இரண்டாவது பணி தாமதத்துக்கு எடுத்துக்காட்டாகவும் பலரால் பேசப்படுகின்றன. கட்டுமானத் திட்ட மேலாண்மையில் இருப்பவன் என்ற முறையில் எனக்கு அந்தப் பிரிவினை சரியாகப் படவில்லை. கட்டும் முறை இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றேதான். வேறுபட்டவை இரண்டு: ஆட்ட அட்டவணையிலிருந்து கிடைத்த நாட்களின் எண்ணிக்கையும், ஒப்பந்ததாரர் எந்த மாதத்தில் விழுந்தார் என்பதும். அந்த இரண்டையும் மையமாக வைத்தே இந்த ஆய்வு செல்கிறது.

புதிய அரங்கா, பழைய அரங்கா

ஆன்ஃபீல்ட் 1884-இல் திறக்கப்பட்ட மைதானம். முதல் எட்டு ஆண்டுகள் அங்கே ஆடியது, இன்று லிவர்பூலின் ஊர்ப் போட்டியாளராக இருக்கும் எவர்டன் கழகம். வீட்டு வரிசைகளின் நடுவே வளர்ந்த அரங்கு என்பதால், ஒவ்வொரு பக்கமும் ஒரு தெருவில் போய் முட்டி நிற்கிறது. கோப் எனப் புகழ்பெற்ற தெற்கு மாடத்தின் முதுகில் வால்டன் பிரெக் சாலை ஓடுகிறது. வடக்கே ஆன்ஃபீல்ட் சாலை, அதைத் தாண்டினால் ஸ்டான்லி பூங்கா. 1989 ஏப்ரல் 15 அன்று ஷெஃபீல்ட் நகரின் ஹில்ஸ்பரோ அரங்கில் நேர்ந்த நெரிசலில் 97 லிவர்பூல் ரசிகர்கள் உயிரிழந்தனர். அதை விசாரித்து வந்த டெய்லர் அறிக்கை நின்று பார்க்கும் மாடங்களுக்கு முடிவு கட்டியது. கோப் 1994-இல் இருக்கைகளுக்கு மாறியபோது அதன் கொள்ளளவு 12 ஆயிரத்துச் சொச்சமாகச் சுருங்கியது. மொத்த அரங்கமும் 45 ஆயிரம் பேருக்கு மேல் கொள்ளாத நிலையில் இருபது ஆண்டுகள் நின்றது.

இந்தக் காலம் முழுவதும் கழகத்தின் திட்டம் ஸ்டான்லி பூங்காவில் புதிய அரங்கு கட்டுவதாகவே இருந்தது. 2007-இல் கழகத்தை வாங்கிய அமெரிக்க உரிமையாளர்கள் டாம் ஹிக்ஸும் ஜார்ஜ் ஜில்லெட்டும், 60 நாட்களுக்குள் மண்வெட்டி நிலத்தில் இறங்க வேண்டும் என்று பேசினார்கள். 2008-இன் நிதி நெருக்கடி வந்தது, கடன் கழுத்தை நெரித்தது, மண்வெட்டி இறங்கவே இல்லை. 2010 அக்டோபரில் கழகம் 30 கோடி பவுண்டுக்குக் கைமாறியது. புதிய உரிமையாளரான ஃபென்வே விளையாட்டுக் குழுமம் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், 1912-இல் திறந்த ஃபென்வே பார்க் பேஸ்பால் மைதானத்தை இடிக்காமல் மூலை மூலையாகச் சீரமைத்து இருக்கைகளைக் கூட்டிய அனுபவம் உடையது. இரண்டு ஆண்டு கணக்குப் போட்ட பிறகு, 2012 அக்டோபரில் ஆன்ஃபீல்டிலேயே தங்குவதென அறிவித்தது.

கணக்கு எளிமையானது. புதிய அரங்கில் 60 ஆயிரம் இருக்கைகள் கட்டினாலும், கழகத்துக்குப் புதிதாகக் கிடைப்பது 15 ஆயிரம் இருக்கைகள் மட்டுமே. மீதி 45 ஆயிரமும் ஏற்கெனவே உள்ளவை, அவற்றுக்கான செலவையும் மறுபடி செய்ய வேண்டும். விரிவாக்கத்திலோ செலவு முழுவதும் கூடுதல் இருக்கைகளுக்கே போகிறது. டாட்டன்ஹாம் கழகம் 2019-இல் திறந்த புதிய அரங்கம் ஏறத்தாழ 100 கோடி பவுண்டைத் தொட்டது. ஆன்ஃபீல்டின் இரண்டு மாடங்களும் சேர்ந்து அதில் ஐந்தில் ஒரு பங்கு அளவிலேயே நின்றன. ஆனால் விரிவாக்கம் என்பது ஆட்டம் நடக்கும் வீட்டுக்குள்ளேயே வேலை செய்வது. அந்தச் சிரமத்துக்கான விலை திட்ட மேலாளரின் கால அட்டவணையில்தான் எழுதப்படுகிறது.

நிலம்

திட்டத்தின் மிக நீண்ட, மிகக் கசப்பான பகுதி கட்டுமானம் தொடங்குவதற்கு முன்பே நடந்து முடிந்துவிட்டது. மெயின் ஸ்டாண்ட் பின்னோக்கி வளர வேண்டுமானால் லோத்தெயர் சாலை, ராக்ஃபீல்ட் சாலை போன்ற தெருக்களின் வீடுகள் போக வேண்டும். கழகம் 1990-களிலிருந்தே அங்கே வீடுகளை வாங்கி வந்தது. வாங்கிய வீடுகளில் பல, திட்டம் பூங்காப் பக்கம் போவதும் திரும்புவதுமாக இருந்த ஆண்டுகளில் குடியின்றி, சன்னல்களில் தகரம் அறைந்து கிடந்தன. ஒரு தெருவில் பாதி வீடுகள் பூட்டிக் கிடந்தால் மீதிப் பாதியில் குடியிருப்பவர்களின் வாழ்க்கை என்ன ஆகும் என்பதற்கு விளக்கம் தேவையில்லை. வீட்டின் மதிப்பு விழுந்தது. திருட்டும் தீவைப்பும் வந்தன. அண்டை வீட்டார் போனார்கள். விற்க மறுத்து நின்றவர்களுக்கு மாநகராட்சியின் கட்டாயக் கையகப்படுத்தல் என்னும் எச்சரிக்கை தலைமேல் தொங்கியது.

இதே அரங்கின் எதிர்ப்பக்கத்தில் முன்னுதாரணம் ஒன்று இருந்தது. கெம்லின் சாலையில் கழகம் வீடுகளை ஒவ்வொன்றாக வாங்கி முடித்த பிறகும், இரண்டு சகோதரிகள் தங்கள் வீட்டைப் பல ஆண்டுகள் விற்க மறுத்தார்கள். அவர்கள் 1990-இல் இசைந்த பிறகே அந்தப் பக்க மாடத்தின் இரண்டாம் அடுக்கு எழுந்து 1992-இல் திறக்கப்பட்டது. அதிலிருந்து கழகம் கற்றிருக்க வேண்டிய பாடம் வீடுகளைச் சத்தமில்லாமல் வாங்கிப் பூட்டி வைப்பது அன்று. முடிவைத் தெருவுக்கு முதலில் சொல்வதும், சொன்ன தேதியில் நடந்துகொள்வதும்தான். 2013-இல் மாநகராட்சியும் வீட்டுவசதி அமைப்பும் கழகமும் இணைந்து 26 கோடி பவுண்டு மதிப்பிலான ஆன்ஃபீல்ட் மறுசீரமைப்புத் திட்டத்தை அறிவித்தன. புதிய வீடுகளும் வந்தன. காத்திருந்த ஆண்டுகளை அது யாருக்கும் திருப்பித் தரவில்லை. திட்ட மேலாண்மைப் பாடங்களில் நிலம் எடுப்பது ‘முன்னேற்பாடுகள்’ என்னும் ஒற்றை வரியில் அடங்கிவிடுகிறது. ஆன்ஃபீல்டில் அந்த ஒரு வரி, இரண்டு மாடங்களையும் கட்டிய மொத்தக் காலத்தைவிடப் பல மடங்கு நீளமானது.

மாடத்துக்குப் பின்னே மாடம்

மெயின் ஸ்டாண்டுக்கு 2014 செப்டம்பரில் மாநகராட்சி அனுமதி அளித்தது. வடிவமைப்பு கே.எஸ்.எஸ். நிறுவனத்துடையது, இரும்புச் சட்டகம் செவர்ஃபீல்டின் வேலை. செலவு ஏறத்தாழ 11 கோடி பவுண்டு. அதை உரிமையாளர் குழுமமே கழகத்துக்குக் கடனாகத் தந்தது. புதிதாக 8,500 இருக்கைகள் சேர்ந்து அரங்கின் கொள்ளளவு 54 ஆயிரமாக உயர வேண்டும். இத்தனைக்கும் ஒரு பருவத்தின் உள்ளூர் ஆட்டங்களில் ஒன்றுகூட வேறு அரங்குக்குப் போகக் கூடாது, பழைய மாடத்தின் இருக்கைகளும் விற்பனையில் இருக்க வேண்டும் என்பது முதல் நிபந்தனை.

அதற்கான வழி, பழைய மாடத்தைத் தொடாமல் அதன் முதுகுக்குப் பின்னே புதிய மாடத்தின் சட்டகத்தை எழுப்புவது. வாங்கி இடித்த தெருக்களின் நிலம் அப்போதுதான் தன் உண்மையான பயனைக் காட்டியது. புதிய கட்டடத்துக்கு மட்டுமன்றி, கிரேன் நிற்கவும், லாரி திரும்பவும், இரும்புத் தூண்களைப் படுக்கவைத்து இணைக்கவும் இடம் வேண்டும். நெருக்கமான நகர்ப்புறத் தளத்தில் கட்டடம் நிற்கும் பரப்பைவிட அதைக் கட்டத் தேவையான பரப்பே பெரும்பாலும் திட்டத்தை முடிவு செய்கிறது. தூண்கள், சாய்ந்த தாங்கு விட்டங்கள், அவற்றின் மேல் தொழிற்சாலையில் வார்த்து வந்த கான்கிரீட் படிக்கட்டுப் பலகைகள் என்று எல்லாம் பின்பக்கமிருந்தே ஏறின. முன்பக்கம் பழைய கூரையின் கீழே மக்கள் உட்கார்ந்து ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இந்த முறையில் மிகக் கடினமான ஒற்றைச் செயல் கூரையின் பிரதான உத்தரத்தை ஏற்றியதுதான். பழைய மாடத்தின் கூரையைத் தாங்கிய தூண்கள் பலருடைய பார்வையை மறைத்தன. புதிய கூரையில் முன்பக்கம் ஒரு தூணும் இருக்கக் கூடாதென்பதால், ஏறத்தாழ 140 மீட்டர் நீளமும் 650 டன் எடையும் கொண்ட ஒற்றை இரும்பு உத்தரம் மாடத்தின் குறுக்கே கிடந்து கூரை முழுவதையும் சுமக்கிறது. அதை 2015-இன் கோடை விடுமுறையில் ஏற்றினார்கள். அந்த எடை மேலே செல்லும்போது கீழே எவரும் இருக்க முடியாது, காற்று ஓர் அளவுக்கு மேல் வீசினால் தூக்கவும் முடியாது. ஆட்டம் இல்லாத சில வாரங்களுக்குள் காற்றும் ஒத்துழைக்கும் நாளைத் தேட வேண்டும். அந்த வாரங்கள் தவறியிருந்தால் அடுத்த வாய்ப்பு ஓர் ஆண்டு கழித்துத்தான். திட்டத்தின் மற்ற எல்லா வேலைகளும் இந்த ஒரு வேலைக்குப் பின்னோக்கி எண்ணப்பட்டிருக்கும் என்பதைத் தொழில் அறிந்தவர் உடனே புரிந்துகொள்வார்.

பருவம் நடக்கும் மாதங்களில் பணித்தளத்துக்கு இரட்டை வாழ்க்கை. ஆட்டத்துக்கு முன்னால் தளர்ந்த பொருள் ஒவ்வொன்றும் கட்டப்பட வேண்டும். கிரேனின் கை பார்வையாளர் பகுதிக்கு மேல் நிற்காதபடி திருப்பப்பட வேண்டும். வெளியேறும் பாதையில் ஒரு கம்பிகூட நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. ஆட்டம் முடிந்து கூட்டம் கலைந்த பின்னரே மறுபடி வேலை. வேலை நடக்கும் தளத்தைப் பொது இடமாகவும், பொது இடத்தைத் தளமாகவும் மாற்றி மாற்றி ஒப்படைக்கும் இந்தச் செலவு எந்த மதிப்பீட்டிலும் தனி உருப்படியாகத் தெரிவதில்லை. குறைத்து மதிப்பிடுவது எளிது. நானும் சிறு பணிகளில் அதைக் குறைத்துப் போட்டு வருந்தியிருக்கிறேன்.

122 நாட்கள், 91 நாட்கள்

பின்னே எழுந்த சட்டகம் எவ்வளவு முன்னேறியிருந்தாலும், பழைய கூரையை அகற்றி, கீழ் அடுக்கைப் புதிய மேலடுக்குகளோடு இணைக்கும் வேலையை ஆட்டம் நடக்கும் பருவத்தில் செய்ய இயலாது. இரண்டு பருவங்களுக்கு இடைப்பட்ட கோடையே அதற்கான காலம். 2015-16 பருவத்தின் கடைசி உள்ளூர் ஆட்டம் 2016 மே 11 அன்று செல்சியுடன் நடந்தது. அடுத்த பருவத்தின் முதல் உள்ளூர் ஆட்டம் செப்டம்பர் 10 அன்று லெஸ்டர் சிட்டியுடன். இடையில் 122 நாட்கள்.

இந்த எண் தற்செயலாக வந்ததன்று. வழக்கமாக ஆகஸ்ட் நடுவில் தொடங்கும் பருவத்தில் லிவர்பூல் முதல் மூன்று ஆட்டங்களையும் வெளியூரில் ஆடியது: ஆகஸ்ட் 14 அன்று ஆர்சனலுடன், 20 அன்று பர்ன்லியுடன், 27 அன்று டாட்டன்ஹாமுடன். இவற்றில் பர்ன்லி ஆட்டம் முதலில் ஆன்ஃபீல்டில் நடப்பதாக அட்டவணையில் இருந்தது. பிரீமியர் லீக்கின் இசைவோடும் பர்ன்லியின் ஒப்புதலோடும் இடம் மாற்றப்பட்டது. அதன்பின் பன்னாட்டு ஆட்டங்களுக்கான இடைவெளியும் சேர்ந்துகொண்டது. பார்சிலோனாவுடனான பருவ முன்னோட்ட ஆட்டமும் ஆகஸ்ட் 6 அன்று லண்டனின் வெம்பிளியில் நடந்தது. ஒரு திட்ட மேலாளர் கூடுதல் ஆட்களை வைத்தோ இரவுப் பணி போட்டோ வாங்க முடியாத மூன்று வாரங்களைக் கழகத்தின் நிர்வாகம் கடிதம் எழுதி வாங்கியது. இந்தத் திட்டத்தில் எடுக்கப்பட்ட மிகச் சிறந்த மேலாண்மை முடிவு எதுவென்று கேட்டால் நான் இதையே சொல்வேன். பர்ன்லியில் லிவர்பூல் 0-2 எனத் தோற்றது. அதையும் அந்த முடிவின் விலையில் சேர்க்கலாம். செப்டம்பர் 10 அன்று 53 ஆயிரத்துக்கு மேற்பட்டோர் முன்னிலையில் லெஸ்டரை 4-1 என வென்றது.

இப்போது ஆன்ஃபீல்ட் ரோடு பக்கம். 2014-இல் பெற்ற அனுமதியில் இந்தப் பக்கத்துக்கு 4,800 இருக்கைகளுக்கான முதனிலை இசைவு இருந்தது. அந்தக் கணக்கு பொருளாதார ரீதியாகப் பொருந்தவில்லை என்று கழகம் அதை 2019-இல் காலாவதியாக விட்டு, 7,000 இருக்கைகளோடு புதிதாக வரைந்தது. கொரோனா பெருந்தொற்று ஓர் ஆண்டைத் தின்றது. 2021 ஜூனில் அனுமதி கிடைத்து, செப்டம்பர் 30 அன்று பயிற்சியாளர் யூர்கன் குளோப் மண்வெட்டியால் பணியைத் தொடங்கி வைத்தார். மதிப்பீடு 8 கோடி பவுண்டு. இலக்கு 2023 கோடை. இந்த முறை வீடுகளை இடிக்க வேண்டியிருக்கவில்லை. ஆன்ஃபீல்ட் சாலையையே புதிய மாடத்தைச் சுற்றி வளைத்துப் போட வேண்டியிருந்தது. முறை பழையதேதான்: பின்னே சட்டகம், கோடையில் இணைப்பு.

2022-23 பருவத்தின் கடைசி உள்ளூர் ஆட்டம் 2023 மே 20 அன்று ஆஸ்டன் வில்லாவுடன். அடுத்த பருவத்தின் முதல் உள்ளூர் ஆட்டம் ஆகஸ்ட் 19 அன்று போர்ன்மவுத்துடன். இடையில் 91 நாட்கள். முதல் ஆட்டம் செல்சியின் மைதானத்தில் அமைந்தது. டார்ம்ஸ்டாட்டுடனான நட்பு ஆட்டத்தைக்கூட ஆகஸ்ட் 7 அன்று பிரெஸ்டன் நகரின் டீப்டேல் அரங்குக்கு மாற்றினார்கள். அப்படியும் 2016-ஐவிட 31 நாட்கள் குறைவு. மேலடுக்கு பருவத் தொடக்கத்துக்குத் தயாராகாது, கீழ் அடுக்கு மட்டுமே திறக்கப்படும் என்பது ஒப்பந்ததாரர் வீழ்வதற்கு முன்பே தெரிந்துவிட்டது. தாமதம் முழுவதையும் பக்கிங்ஹாமின் திவாலின்மேல் சுமத்துவோர் இந்த வரிசையைக் கவனிப்பதில்லை. ஏற்கெனவே பின்தங்கியிருந்த பணியின்மேல்தான் திவால் வந்து விழுந்தது.

ஒப்பந்ததாரர் விழுந்தால்

போர்ன்மவுத் ஆட்டத்துக்கு இரண்டு நாட்களுக்கு முன்பு, ஆகஸ்ட் 17 அன்று, பக்கிங்ஹாம் குழுமம் திவால் நடைமுறைக்கான நிர்வாகிகளை நியமிக்கும் தன் நோக்கத்தை நீதிமன்றத்தில் பதிவு செய்தது; செப்டம்பர் தொடக்கத்தில் நிர்வாகிகள் பொறுப்பேற்றார்கள். ஓர் அரங்கப் பணி உள்ளிட்ட சில பெரிய ஒப்பந்தங்களில் வேகமாக ஏறிய நட்டமே காரணம் என்று நிறுவனம் தெரிவித்தது. இதைத் தனிமனிதத் தவறாகப் பார்ப்பதில் பயனில்லை. 2021-இல் நிலையான விலைக்குக் கையெழுத்திட்ட எவருக்கும், 2022-இல் உக்ரைன் போருக்குப் பின் இரும்பு, எரிபொருள், கூலி எல்லாம் ஏறியபோது, அந்த விலை கையைச் சுட்டிருக்கும். பிரிட்டனில் பெரிய ஒப்பந்த நிறுவனங்களின் இலாபம் நூற்றுக்கு இரண்டு மூன்று அளவிலேயே ஓடுகிறது. அவ்வளவு மெல்லிய ஓட்டின்மேல், விலையேற்றம் முழுவதையும் ஒப்பந்ததாரர் சுமக்கட்டும் என்று எழுதிவிடுவது உரிமையாளருக்குப் பாதுகாப்புபோலத் தோன்றும். ஓடு உடைந்தால் அந்தச் சுமை நேராக உரிமையாளர் மடியிலேயே வந்து விழுகிறது, கூடவே தாமதமும்.

முதன்மை ஒப்பந்ததாரர் வீழும்போது பணித்தளத்தில் நடப்பதை விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் திட்டமிடும்போது எவரும் இதை எண்ணிப் பார்க்க விரும்புவதில்லை. முதல் நாளே வாயில் பூட்டப்படும். துணை ஒப்பந்ததாரர்கள் ஒவ்வொருவருக்கும் இரண்டு மூன்று மாதப் பட்டியல் பாக்கி இருக்கும். அது பெரும்பாலும் வராது. மின்வேலை செய்பவர், கூரைத் தகடு போடுபவர், இருக்கை பொருத்துபவர் எல்லோரும் தத்தம் பொருளைத் தூக்கிச் செல்ல வழி பார்ப்பார்கள். தளத்தில் கிடக்கும் பொருள் யாருடையது, பணம் கொடுத்தாகிவிட்டதா, பொருத்தப்பட்டதா என்ற கேள்விக்கு உருப்படி உருப்படியாக விடை தேட வேண்டும். சாரம் வாடகைக்கு எடுத்ததாக இருந்தால் வாடகை அன்றைக்கே நின்றுவிடும். சாரத்தின் வாராந்தரப் பாதுகாப்புச் சோதனையும் நின்றுவிடும். சோதனையில்லாத சாரத்தில் யாரும் ஏற முடியாது. வடிவமைத்துக் கட்டும் ஒப்பந்தமாக இருந்தால் வடிவமைப்பின் பொறுப்பும் வீழ்ந்த நிறுவனத்தின் தலையிலேயே தங்கிவிடும். பாதி பொருத்திய ஒரு போல்ட்டுக்கு யார் கையெழுத்திடுவார் என்ற கேள்வி, கேட்பதற்குச் சிறியது. பாதுகாப்புச் சான்றிதழ் வாங்கப் போகும்போதுதான் அதன் அளவு தெரியும்.

இதற்கான முன்னேற்பாடுகள் ஒப்பந்தத்தில்தான் இருக்க முடியும். துணை ஒப்பந்ததாரர்கள் உரிமையாளருக்கு நேரடியாகக் கடமைப்படும் துணை உறுதிப் பத்திரங்கள், நிறைவேற்றத்துக்கான வங்கி உத்தரவாதம், ஒவ்வொரு பட்டியலிலும் பிடித்தத் தொகை, தளத்துக்கு வெளியே தயாராகும் பொருள்களின் உடைமையைப் பணம் செலுத்திய நொடியில் மாற்றும் பிரிவு ஆகியவை. கையெழுத்திடும் நாளில் இவை வழக்கறிஞரின் காகிதங்கள். கழகம் ரேனர் ரோவன் என்ற நிறுவனத்தை மேலாண்மை ஒப்பந்ததாரராக அமர்த்திப் பணியைத் தொடர்ந்தது. இந்த முறையில் மேலாண்மை ஒப்பந்ததாரர் முழு விலைக்கும் பொறுப்பேற்பதில்லை. வேலைகளைத் தொகுதி தொகுதியாகப் பிரித்துத் துணை ஒப்பந்ததாரர்களைக் கொண்டு முடிக்கிறார், செலவின் ஏற்ற இறக்கத்தை உரிமையாளரே ஏற்கிறார். பாதியில் நின்ற கட்டடத்துக்கு வேறு எவரும் மொத்த விலை சொல்ல மாட்டார். சொன்னால் அஞ்சத்தக்க விலையாக இருக்கும். தளத்தை அறிந்த துணை ஒப்பந்ததாரர்களில் இயன்றவரை பலரைத் திரும்ப அழைத்து, முழுவதும் புதிய ஏலத்துக்குப் போகாமல், சில வாரங்களில் வேலையை மறுபடி தொடங்குவதே இத்தகைய நிலையில் நியாயமான ஒரே வழி.

இங்கேதான் முதல் பணியை நினைக்கிறேன். கரில்லியன் வீழ்ந்தபோது அதன் பொறுப்புகள் ஏறத்தாழ 700 கோடி பவுண்டு. கையிருப்பு 3 கோடியைக்கூட எட்டவில்லை. மருத்துவமனைகள் பாதியில் நின்றன. லிவர்பூல் நகரிலேயே கட்டிக்கொண்டிருந்த ராயல் மருத்துவமனையும் அவற்றுள் ஒன்று. மெயின் ஸ்டாண்டின் பணி 16 மாதம் பிந்தியிருந்தால் அந்த மாடமும் அந்த வரிசையில் நின்றிருக்கும். ஆகவே 2016-இன் வெற்றியை முழுக்கவும் மேலாண்மைத் திறனின் கணக்கில் வைப்பதும், 2023-இன் தாமதத்தை முழுக்கவும் திறனின்மையின் கணக்கில் வைப்பதும் ஒரே தவறின் இரண்டு பக்கங்கள்.

சான்றிதழ்

பிரிட்டனில் ஓர் அரங்கில் எத்தனை பேர் அமரலாம் என்பதை உரிமையாளரோ கட்டியவரோ முடிவு செய்வதில்லை. 1971-இல் கிளாஸ்கோவின் ஐப்ராக்ஸ் அரங்கில் 66 பேர் இறந்த விபத்துக்குப் பின் வந்த 1975-ஆம் ஆண்டின் விளையாட்டு மைதானப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, உள்ளாட்சி மன்றம் சான்றிதழ் தர வேண்டும். வாயில்கள் எத்தனை, படிக்கட்டின் அகலம் என்ன, நெருக்கடியில் எத்தனை நிமிடத்தில் மாடம் காலியாகும், பணியாளர்கள் பயிற்சி பெற்றவர்களா என்பவற்றிலிருந்தே எண் வருகிறது. கட்டி முடித்தது வேறு, திறக்கத் தகுதியானது வேறு. ஹில்ஸ்பரோவில் தன் மக்களை இழந்த கழகத்துக்கு இந்த நடைமுறை வெறும் காகிதச் சடங்காக இருக்க இயலாது. மெயின் ஸ்டாண்ட் பணியோடு ஹில்ஸ்பரோவில் இறந்தோரின் நினைவிடம் புதிய மாடத்தின் முகப்புக்கு வந்திருப்பதையும், மாடத்தின் முன்னுள்ள நடைவழி இறந்தோரின் எண்ணிக்கையையே பெயராகக் கொண்டிருப்பதையும் பார்ப்பவர்கள் அறிவார்கள்.

ஆன்ஃபீல்ட் ரோடு மாடத்தின் மேலடுக்கைப் படிப்படியாகத் திறந்ததற்கு இதுவும் காரணம். ஆகஸ்டில் கீழ் அடுக்கு மட்டும். அந்த மாதங்களில் மேலடுக்கு இருக்கைகளை வாங்கியிருந்தவர்களுக்கு மாற்று ஏற்பாடு செய்வதும், சொன்ன தேதியைத் தள்ளிப்போட நேரும்போது அதை வெளிப்படையாக அறிவிப்பதும் கழகத்தின் வேலையாயின. 2023 டிசம்பர் 17 அன்று மான்செஸ்டர் யுனைடெட் வந்தபோது மேலடுக்கின் ஒரு பகுதி திறந்தது. பார்வையாளர் 57,158 பேர். எஞ்சிய பகுதிகள் அடுத்த மாதங்களில் சேர்ந்தன. இறுதிக் கொள்ளளவு 61,276.

2024 பிப்ரவரி 10 அன்று ஆன்ஃபீல்டில் 59,896 பேர் அமர்ந்திருந்தார்கள். 1949 டிசம்பரில் செல்சியுடன் நடந்த ஆட்டத்தில் 58,757 பேர் நெருக்கியடித்து நின்று நிறுவிய லீக் சாதனை, எழுபத்து நான்கு ஆண்டுகளுக்குப் பின் அன்று முறிந்தது. லிவர்பூல் 3-1 என வென்ற அந்த ஆட்டத்தில் எதிரணி பர்ன்லி. 2016-இல் தன் வெளியூர் ஆட்டத்தை உள்ளூர் ஆட்டமாக ஏற்றுக்கொண்டு, முதல் மாடத்துக்கு நாட்களைத் தந்த அதே கழகம்.